தோற்ற ஆட்டங்களில் மட்டும் குட்டையாகும் சங்கிலி

ஜூலை மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஹேவர்லி பல்கலைக்கழக விளையாட்டரங்கின் ஆறாவது மாடிக் கண்ணாடி அறையில் இருந்தவர்கள்: பல்கலைக்கழகத் தலைவர் டாக்டர் பிரெஸ்டன் விட்லோ, விளையாட்டுத் துறை இயக்குநர் டிராவிஸ் பிரெனர், பல்கலைக்கழக வக்கீல் கென்ட்ரா வாஸ், ‘பெருங்கடல் பன்னிரண்டு’ கூட்டமைப்பின் தூதர் கிராண்ட் ஹாலோவெல் (சுவரளவு திரையில், மார்புக்கு மேல் மட்டும்), மாலுமித் தொப்பி வைத்த காட்டெருமை ஒன்று, சங்கிலிக் குழுவின் தலைவர் ஆர்வில் குபிசெக், வயது எழுபத்து மூன்று, அவர் மகள் ஜாய்ஸ், ஆர்வில்லின் தங்கை புருஷனும் குழுவில் அவரோடு சங்கிலி பிடிப்பவனுமான லைல் ஸ்வபோடா. இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அங்கே இருக்கவில்லை.

காட்டெருமைக்குள் இருந்தவர் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். உத்தியோகபூர்வமான எந்தக் கூட்டத்திலும் அணியின் சின்னம் இருக்க வேண்டும், ஆனால் பேசக்கூடாது என்பது புதிய கூட்டமைப்பின் விதி. அதனால் அவர் யார் எது சொன்னாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஆர்வில் தன் அப்பாவை அடக்கம் செய்த அன்று போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டு வந்திருந்தார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தார். நாற்பத்தோரு வருஷம் மைதானத்தின் ஓரத்தில் சங்கிலி பிடித்தவர். அவருக்கு முன்னால் அவர் அப்பா எமில் முப்பத்திரண்டு வருஷம். கால்பந்து என்று அமெரிக்காக்காரர்கள் சொல்லும் அந்த ஆட்டத்தில், பந்து வைத்திருக்கும் அணி நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஆட்டம் நிற்கும். எழுபதாயிரம் பேர் வாயை மூடுவார்கள். ஓரத்திலிருந்து மூன்று பேர் இரண்டு கோல்களையும் அவற்றுக்கு நடுவே பத்து கஜச் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு நடுமைதானத்துக்கு நடந்து வருவார்கள். சங்கிலியை இழுத்துப் பிடிப்பார்கள். அது சொன்னால் சொன்னதுதான். இதற்காக அந்த மூன்று பேருக்கும் ஆட்டத்துக்கு ஒரு சாண்ட்விச் கொடுப்பார்கள்.

அந்தச் சங்கிலியை 1951-ல் எமில் குபிசெக் தன் சொந்தக் காசில் கடையில் வாங்கினார். ரசீது இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாவட்ட அளவை அதிகாரி வந்து அளந்து ஈய முத்திரை வைப்பார். மற்ற நாட்களில் அது விளையாட்டரங்கின் சாமான் அறையில் தொங்கும்.

இப்போது அது மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. கொலைக் கேஸில் கத்தி கிடக்கிற மாதிரி.

ஆர்வில்லின் மனைவி டலோரஸ் ஒரு தகர டப்பா நிறையக் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி கொடுத்து அனுப்பியிருந்தாள். அதையும் அவர் மேஜைமேல் வைத்தார். வக்கீல் உடனே அதை ஒரு காகிதத்தால் மூடினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மிஸ்டர் குபிசெக். அரங்கத்துக்குள்ள எங்க உணவுப் பங்குதாரர் கம்பெனியோட தின்பண்டம் மட்டும்தான் கண்ணுல படலாம். ஒப்பந்தம்.”

“அப்போ கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடலாமா?” என்றாள் ஜாய்ஸ்.

காட்டெருமை கட்டைவிரலை உயர்த்தியது. லைல் காகிதத்துக்கு அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டான்.

*

கூட்டம் எதற்கு என்று புரிய, அந்த வருஷம் ஹேவர்லியில் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஹேவர்லி தொண்ணூற்றாறு வருஷம் ‘சமவெளி எழுவர்’ கழகத்தில் ஆடியது. ஏழு கல்லூரிகள். மிகத் தூரத்து எதிரிக்கும் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். காலையில் போய் அடிவாங்கிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தோற்ற ஊரில் மாமனார் வீடு இருக்கும், ஜெயித்த ஊரில் டிராக்டர் கடன் இருக்கும். அப்படிப்பட்ட பகை.

அந்த வருஷ வசந்தத்தில் பெருங்கடல் பன்னிரண்டு கூட்டமைப்பு ஹேவர்லியை அழைத்தது. தொலைக்காட்சிப் பணம் அங்கே அதிகம். பெயரில் பன்னிரண்டு, உறுப்பினர்கள் பதினேழு. பன்னிரண்டு என்பது ஓர் எண் அல்ல, அது ஓர் உணர்வு என்று கூட்டமைப்பு விளக்கம் கொடுத்தது.

உறுப்பினர் கல்லூரிக்குக் கடற்கரை இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய சாசனம். ஹேவர்லியிலிருந்து எந்தத் திசையில் கார் ஓட்டினாலும் கடலைப் பார்க்க இரண்டு நாள் ஆகும். நெப்ராஸ்கா கோதுமைக்கு நடுவில் இருக்கிற ஊர். பல்கலைக்கழகம் சோர்ந்துவிடவில்லை. வேளாண் துறையின் மாடுகள் தண்ணீர் குடிக்கிற குளத்தைச் சுற்றி நாற்பது லாரி மணல் கொட்டப்பட்டது. மாடுகளுக்குத் தொட்டி வைத்தார்கள். இரண்டு கடற்காகங்களை விலைக்கு வாங்கி விட்டார்கள். ஒன்று அன்றைக்கே தானியக் கிடங்குப் பக்கம் பறந்து போய், அங்கே சாப்பாடு நன்றாக இருந்ததால் திரும்பி வரவில்லை. ஆய்வுக்குழு வந்தது, மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தது, கடற்கரை என்று சான்றிதழ் கொடுத்தது. கடற்கரை போட்ட செலவை ஈடுகட்ட நீச்சல் அணியைக் கலைத்தார்கள்.

சாஃப்ட்பால் ஆடும் பெண்கள் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறி வியாழக்கிழமை திரும்ப வேண்டும் என்று அட்டவணை வந்தது. அவர்கள் பாடத்தைப் பற்றிக் கேட்டபோது, ஆகாயத்திலிருந்து பார்த்தால் புவியியல் நன்றாகப் புரியும் என்று பதில் வந்தது.

இதெல்லாம் ஆர்வில்லுக்குப் புரியவில்லை. புரியாததை அவர் குற்றமாக நினைக்கவும் இல்லை. சங்கிலியை ஒழுங்காகப் பிடிக்கக் கடலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

*

தலைவர் விட்லோ எழுந்து நின்று பேசினார். நன்கொடையாளர்களிடம் பேசுகிற குரல். ஒரு தொண்டையில் மூன்று பேர் உருகுகிற மாதிரி இருக்கும்.

“நாம ஒரு குடும்பம், ஆர்வில். ஹேவர்லி குடும்பம். குடும்பத்துல பாசம்தான் முக்கியம். யாருக்கு எவ்வளவுங்கிற பேச்சு குடும்பத்துல வரவே கூடாது. அதனாலதான் ஆட்டக்காரப் பிள்ளைங்க வருமானத்துல பங்கு கேட்டப்போ எனக்கு மனசு உடைஞ்சு போச்சு. பங்கு குடுக்கணும்கிறத நாங்க கொள்கை அளவுல முழுசா ஏத்துக்கிட்டோம். அந்தக் கொள்கையைப் பத்திரமா வெச்சிருக்கோம். ஒரு சேதாரமும் வராது.”

“பயிற்சியாளருக்கு ஒன்பது மில்லியன் எந்தப் பாசத்துல குடுத்தீங்க?” என்று ஜாய்ஸ் கேட்டாள்.

“அது பாசம் இல்லம்மா. அது ஒப்பந்தம்.”

திரையில் ஹாலோவெல் சிரித்தார். அவர் சிரித்த பிறகு ஒரு நொடி கழித்தே சத்தம் வந்தது. “எங்க கூட்டமைப்புல எல்லாருக்கும் சம பங்கு. முதல்ல பெரிய ஆறு பேரு எடுத்துக்குவாங்க. மிச்சத்த எல்லாரும் சமமா பிரிச்சுக்குவோம், அந்த ஆறு பேரும் சேர்ந்துதான், யாரையும் ஒதுக்க மாட்டோம். ஹேவர்லிக்கு முதல் ஏழு வருஷம் பங்கு கிடையாது. ஆனா பங்கு இல்லாத அந்த ஏழு வருஷமும் உங்கள மத்தவங்களுக்குச் சமமாத்தான் நடத்துவோம்.”

காட்டெருமை இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தியது.

“இதுல நான் என்ன செய்யணும்?” என்று ஆர்வில் கேட்டார்.

வக்கீல் கென்ட்ரா வாஸ் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். சமவெளி எழுவர் கழகத்தை விட்டு விலகினால் ஹேவர்லி முப்பத்தொரு மில்லியன் டாலர் அபராதம் கட்ட வேண்டும். ஆனால் 1928-ல் எழுதிய மூல ஒப்பந்தத்தில் ஒன்பதாவது விதி ஒன்று இருந்தது. பொய்யான அளவைக் கருவி எதையாவது கழகத்து ஆட்டத்தில் பயன்படுத்தியது தெரியவந்தால், ஒப்பந்தம் அந்த நிமிஷமே செல்லாது. எந்தக் கல்லூரியும் அபராதமின்றி வெளியேறலாம்.

அந்த விதி அங்கே இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ரயிலடி வியாபாரிகள் தராசுக்கு அடியில் ஈயக்கட்டி ஒட்டி வைத்துக் குடியானவர்களின் கோதுமையைத் திருடினார்கள். அதில் ஏமாந்தவர்கள்தான் கழகத்தைத் தொடங்கியவர்கள். எந்த ஒப்பந்தம் போட்டாலும், தானியமோ கால்பந்தோ, பொய் அளவைக்கு ஒரு விதி எழுதாமல் அவர்கள் பேனாவைக் கீழே வைத்ததில்லை. அந்த மேஜையில் ஆர்வில்லின் தாத்தா வாக்லாவ் குபிசெக்கும் உட்கார்ந்திருந்தார்.

“ஆகவே,” என்றார் வக்கீல், “உங்க சங்கிலி குட்டைன்னு ஒரு வாக்குமூலம். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.”

ஆர்வில் தாளைப் பார்த்தார். வக்கீலைப் பார்த்தார்.

“சங்கிலி குட்டை இல்லம்மா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அளந்து பாத்தேன்.”

“நீங்க நிபுணரா?”

“இல்ல. பத்து கஜம் தெரிஞ்சவன்.”

இயக்குநர் பிரெனர் தடித்த அறிக்கை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நாலு லட்சம் டாலர் கொடுத்து நிபுணர்களை வைத்து அளந்திருந்தார்கள். முதலில் சாதாரணமாக அளந்தார்கள். பத்து கஜம் இருந்தது. மறுபடியும் அளந்தார்கள், அப்போதும் இருந்தது. பிறகு மருத்துவத் துறையில் திசுக்களைப் பாதுகாக்கிற உறைபெட்டிக்குள் மூன்று நாள் வைத்து எடுத்து அளந்தார்கள். கால் அங்குலத்துக்குச் சற்று மேலே குறைந்தது. உறைபெட்டியின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எழுபது டிகிரி.

“ஹேவர்லியில எழுபது டிகிரிக் குளிர்ல எப்போ ஆடினோம்?” என்றாள் ஜாய்ஸ்.

“பருவநிலை மாறிட்டு வருது,” என்றார் பிரெனர்.

ஆர்வில் பையைத் தொட்டுப் பார்த்தார். எழுபத்து மூன்று வருஷமாக வருஷா வருஷம் வைத்த ஈய முத்திரை அறுந்து தொங்கியது. அவர் முகம் அப்போதுதான் சிவந்தது.

“இது எங்க அப்பா வாங்கினது. யாரைக் கேட்டு முத்திரைய அறுத்தீங்க?”

 காட்டெருமையின் கை பாதி எழுந்து தயங்கி இறங்கியது.

*

லைல் தொண்டையைக் கனைத்தான். “மச்சான், சும்மா ஒரு கேள்வி. சங்கிலி குட்டைன்னா, எழுபத்து மூணு வருஷமா நம்ம ஜெயிச்ச ஆட்டம் எல்லாம் என்ன ஆகும்?”

 கென்ட்ரா வாஸ் பேனாவை எடுத்து எதையோ கிறுக்கினார். ஐந்து சாம்பியன் பட்டங்கள் போகும். பயிற்சியாளரின் வெற்றிப் போனஸ் போகும். இயக்குநரின் போனஸும் போகும். பிரெனரின் நிறம் மாறியது. வக்கீல் தாளை இழுத்து, ஒரு வரியை அடித்து, வேறு வரி எழுதித் திரும்ப நகர்த்தினார்.

ஆர்வில் கண்ணாடி போட்டுப் படித்தார். ஹேவர்லி தோற்ற ஆட்டங்களில் மட்டும், அதுவும் எதிரணி கையில் பந்து இருந்த சமயங்களில் மட்டும், சங்கிலி குட்டையாக இருந்தது என்று எழுதியிருந்தது.

அவர் அதை இரண்டாம் தடவை படித்தார்.

“ஏம்மா, எவன் தோப்பான்னு சங்கிலிக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்?”

“அதைச் சங்கிலி விளக்க வேண்டியதில்ல. நீங்க ஒப்புக்கிட்டா போதும்.”

“இதுல உங்க மேல ஒரு பழியும் வராது ஆர்வில்,” என்றார் தலைவர். “பொய்னு ஒரு வார்த்தை எங்கயும் கிடையாது. ‘பாரம்பரிய அளவை நெகிழ்வு’ன்னுதான் போட்டிருக்கோம். அழகான வார்த்தை. வாசல்ல உங்களுக்கு ஒரு வெண்கலச் சிலை வைப்போம். கண்ணாடி மாடத்துல சாகிற வரைக்கும் இருக்கை.”

“சிலை கையில சங்கிலி இருக்குமா?” என்று ஜாய்ஸ் கேட்டாள்.

“இருக்கும்.”

“எத்தன கஜம்?”

ஆர்வில் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“தானியக் கிடங்குல முப்பத்தாறு வருஷம் எடைமேடையில உக்காந்தேன். ஒருத்தன் லாரிய ஏத்தி நிறுத்துவான். அதுல அவன் ஒரு வருஷ வேர்வை இருக்கும். நான் வாயால ஒரு நம்பர் சொல்லுவேன். அத வாங்கிட்டு வீட்டுக்குப் போவான். ஒருத்தன்கூட இறங்கி வந்து தராசு முள்ள எட்டிப் பாத்ததில்ல. ஏன்னா எங்க அப்பா பேரு எமில் குபிசெக். இப்போ நான் பத்து கஜத்துல பித்தலாட்டம் பண்ணினேன்னு எழுதிக் குடுத்தா, அவங்க கோதுமைக்கு எல்லாம் யார் பதில் சொல்றது? நீங்களா? இந்த எருமையா?”

“உணர்ச்சிவசப்படாதீங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம்.”

“எங்க குடும்பத்துல எட்டு பேரு. உங்க பேரு அதுல இல்ல.”

அவர் பிளாஸ்டிக் பையைக் கிழித்தார். சங்கிலியை எடுத்து, முழங்கையில் வளையம் வளையமாகச் சுற்றினார். ஜாய்ஸ் மூலையில் சாத்தியிருந்த இரண்டு கோல்களையும் எடுத்துக்கொண்டாள். வக்கீல், தடயத்தை எடுத்துப் போகக் கூடாது என்றார். ரசீது வீட்டில் இருக்கிறது என்றார் ஆர்வில்.

லிஃப்ட் நன்கொடையாளர் அட்டை இல்லாமல் திறக்காது. ஆறு மாடியும் படியில் இறங்கினார்கள்.

“நீங்க முன்னால போங்க மச்சான். டப்பாவ எடுத்துக்கிட்டு வந்துடறேன்,” என்றான் லைல்.

நாற்பது நிமிஷம் கழித்து வந்தான். கையில் டப்பா இல்லை.

*

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகம் ஆழ்ந்த வேதனையோடு ஓர் அறிக்கை வெளியிட்டது. சங்கிலிக் குழுவில் நீண்டகாலம் பணியாற்றிய ஒரு நேர்மையாளர் மனசாட்சியின் உறுத்தலால் உண்மையை வெளியிட்டதாகவும், சம்பந்தப்பட்ட சங்கிலியை அதன் உரிமையாளர் அவசரமாக எடுத்துச் சென்றுவிட்டதே போதுமான சான்று என்றும் அதில் இருந்தது. முப்பத்தொரு மில்லியன் மிச்சமானது. அந்த மிச்சத்தில் பயிற்சியாளருக்கு மாற்றகால மன உளைச்சல் படியாக நாலு மில்லியன் வழங்கப்பட்டது. ஆட்டக்காரர்களின் பங்கை ஆராயும் குழு, ஆராய இன்னும் தகுந்த இடம் தேடி ஒரு தீவுக்குப் போனது. சமவெளி எழுவரில் மிச்சமிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அது நடந்துகொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் லைல் வீட்டு முற்றத்தில் ஆர்வில் போய் நின்றார். உள்ளே போகவில்லை.

“எத்தன இருக்கை குடுத்தாங்க மாப்ள?”

லைல் தரையைப் பார்த்தான். “ரெண்டு.”

“ரெண்டுதானா?” என்றார் ஆர்வில்.

அவர் தங்கை ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

திங்கட்கிழமை காலையில் கிடங்கு அலுவலகத்தில் காபி குடிக்கப் போனார். ஓய்வுபெற்ற பிறகும் தினம் போகிற இடம். டெல்பர்ட் ஹ்ருஸ்கா, எண்பது வயதுக் குடியானவர், கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏம்ப்பா ஆர்வில், நான் நஷ்டப்பட்ட வருஷத்துல மட்டும் உன் தராசும் குட்டையாயிடுச்சோ?”

சும்மா தமாஷுக்குத்தான் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆர்வில் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.  இரவு டலோரஸ் கேட்டாள், “என்ன செய்யப்போறீங்க?”

“அளக்கப்போறேன்,” என்றார்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை. விளையாட்டரங்கில் பெருங்கடல் பன்னிரண்டின் முதல் ஆட்டம். இரண்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஓர் அணி வந்திருந்தது. எந்த ஊர் என்று பார்க்க வந்தவர்களுக்கே தெரியவில்லை. கார் நிறுத்த மட்டும் எண்பது டாலர். பத்து கஜத்தை இப்போது ஒரு மின்னணுப் பெட்டி அளந்தது. அளக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பாட்டு ஒலித்தது.

அதே நேரம் நீதிமன்றத்துக்கு முன்னால், சிமெண்ட் நடைபாதையில், ஆர்வில் சங்கிலியை நீட்டிப் போட்டார். ஒரு கோலை அவர் பிடித்தார், மறு கோலை ஜாய்ஸ். மாவட்ட அளவை அதிகாரி நார்மா யெலினெக் அரசாங்க எஃகு நாடாவோடு வந்திருந்தாள். அளந்தாள்.

“பத்து கஜம். ஒரு மயிரிழை அதிகம்.”

“வெயிலுக்கு நீண்டிருக்கும். அதையும் எழுதும்மா,” என்றார் ஆர்வில்.

அவள் எழுதினாள். புது ஈய முத்திரை வைத்தாள். ஆர்வில் அங்கேயே நின்றார், கறுப்புக் கோட்டில், அந்த வெயிலில். யார் வேண்டுமானாலும் அளக்கலாம் என்று ஜாய்ஸ் ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தாள்.

முதல் ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு பழைய லாரி வந்து நின்றது. டெல்பர்ட் இறங்கினார். சொந்த நாடா கொண்டுவந்திருந்தார். மண்டியிட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அளந்தார். மறுபக்கம் போய் மறுபடியும் மண்டியிட்டு அளந்தார். எழுந்தபோது முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: “பத்து.”

“ம்,” என்றார் ஆர்வில்.

டெல்பர்ட் லாரிக்குப் போய் ஃபோனை எடுத்தார். யாரிடமோ கத்தினார்: “அட, வந்து பாருடா. நாடா எடுத்துட்டு வா. உங்க அண்ணனையும் இழுத்துட்டு வா.”

சாயங்காலம் வரை வந்தார்கள். தச்சர்கள் மடக்கு அளவுகோலோடு வந்தார்கள். தையற்கடைக்காரி துணிநாடாவோடு வந்தாள். கலைக்கப்பட்ட நீச்சல் அணியின் பெண்கள் ஐந்து பேர் வந்து, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு குனிந்து பார்த்தார்கள். கிடங்கில் தமாஷ் பண்ணியவர் கடைசியில் வந்தார். அளக்காமலே தொப்பியைக் கழற்றினார். “அளந்துட்டுக் கழட்டுங்க,” என்றாள் ஜாய்ஸ். அளந்தார். ஆர்வில் மட்டும் கோலை விடவேயில்லை. யார் வந்தாலும் சங்கிலியை இழுத்துப் பிடித்தார், ஆட்டத்தில் பிடிப்பது போலவே.

அந்தச் சாயங்காலம் தலைவர் விட்லோ அரங்கிலிருந்து இறங்கி வந்து, நடைபாதையில் மண்டியிட்டு, தானும் அளந்து பார்த்து, ஆர்வில்லின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்க மன்னிப்புக் கேட்டார் என்று ஹேவர்லியில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. தலைவர் வரவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.